எல்லை தாண்டிய முப்பத்தொரு மாடுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது 2022 குளிர்காலத்தில், தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில், லெசோத்தோ எல்லையை ஒட்டிய மலையடிவாரப் பண்ணை ஒன்றில் நடந்தது. அந்தப் பண்ணைக்கு நான் பல ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவம் பார்த்துவருகிறேன். பெயர்களையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன். உரிமையாளர் குடும்பம் இதை எழுத ஒப்புக்கொண்டது. மாடு வளர்க்கும் நம்மவர்கள் இந்த மாகாணத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

பின்னணி

குடும்பம் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் வழி வந்தது. பண்ணையை நடத்துபவர் எழுபத்தொரு வயதுப் பெண்மணி. பேரன் பேத்திகளோடு சேர்ந்து நானும் அவரை ஆயா என்றே அழைப்பேன். கறவைப் பண்ணை, வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. தைப்பூசத்துக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயிலில் பால்குடம் எடுப்பவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் இங்கிருந்து பால் போகும்.

மாடுகளுக்குப் பொறுப்பாளர் பசோத்தோ இனத்தவர், லெசோத்தோவின் மொக்கொட்லாங் மாவட்டத்துக்காரர். பத்தொன்பது ஆண்டுகளாக இங்கே வேலை செய்தார். ஆயாவை அவர் "ம்மே" என்பார்; செசோத்தோ மொழியில் அம்மா. ஆயா அவரை "ந்தாத்தே" என்பார். ஐயா என்று பொருள். சிறு பிள்ளைகளின் காதில் அது தாத்தா என்று விழுந்து, அப்படியே நிலைத்துவிட்டது.

பண்ணையின் மேற்கு வேலிக்கு அப்பால் நிலம் செங்குத்தாக எழுகிறது. டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடருக்கு சூலு மொழியில் உகாஹ்லாம்பா என்று பெயர். ஈட்டிகளாலான அரண் என்று பொருள். மலையின் விளிம்புதான் எல்லை. இந்த மாகாணத்திலிருந்து லெசோத்தோவுக்கு வண்டி போகும் ஒரே வழி சானி கணவாய். ஆனால் மாடும் குதிரையும் ஏறக்கூடிய ஒற்றையடிப் பாதைகள் பல. அவற்றின் வழியே மந்தை கடத்துவது புதிதல்ல. இதே மலையின் பாறைக் குகைகளில், இந்த மண்ணின் ஆதிக்குடிகளான சான் மக்கள் தீட்டிய ஓவியங்களில் குதிரைவீரர்கள் மாடுகளை ஓட்டிச் செல்லும் காட்சிகள் உண்டு.

லெசோத்தோவுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள கணக்கு பழையது. 1860-களின் போர்களில் பசோத்தோ மக்கள் காலிடன் ஆற்றுக்கு மேற்கே இருந்த விளைநிலங்களை ஆரஞ்சு சுதந்திர நாடு என்ற போயர் குடியரசிடம் இழந்தார்கள். 1868-இல் அவர்களுடைய மன்னர் மொஷ்வேஷ்வே பிரிட்டிஷ் பாதுகாப்பைக் கேட்டுப் பெற்றதால்தான் மிச்சம் தப்பியது. அந்தப் போர்களுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் மாட்டுத் திருட்டும் ஒன்று. இழந்த நிலத்தைத் திரும்பக் கோரும் தீர்மானம் 2023-இல்கூட லெசோத்தோ நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. இன்னொரு நினைவும் அவர்களுக்கு உண்டு. 1982 டிசம்பரில் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் படை லெசோத்தோ தலைநகர் மாசேருவுக்குள் புகுந்து 42 பேரைக் கொன்றது. 1998 செப்டம்பரில், முற்றிலும் வேறு சூழலில், தென்னாப்பிரிக்கப் படை மறுபடியும் எல்லையைக் கடந்தது. துப்பாக்கியோடு ஒரு தென்னாப்பிரிக்கர் அந்த விளிம்பைத் தாண்டினால், அங்குள்ளவர்களுக்கு அது மாட்டைத் தேடி வந்த ஆளாக மட்டும் தெரியாது. இதை அறியாமல் செய்த காரியம்தான் இந்த நிகழ்வின் மையம்.

ஜூலை 9 இரவு, ஜூலை 10 காலை

திருட்டு சனிக்கிழமை இரவில் நடந்தது. வளர்பிறை, பௌர்ணமிக்கு நான்கு நாள் இருந்தது. பாதை தெரியும் அளவுக்கு நிலவு, விடியுமுன் இருட்டு. ஞாயிறு காலை மேல்மேய்ச்சலுக்குப் போன பொறுப்பாளர் 31 உருப்படிகளைக் காணவில்லை என்று கண்டார்: 27 சினைக் கிடேரிகள், பால் வற்றிய பசுக்கள் நான்கு. கறவைகள் இரவில் கொட்டிலருகே இருந்ததால் தப்பின.

அவர் கவனித்தவற்றை அப்படியே பதிவு செய்கிறேன். பிற்பாடு அத்தனையும் பயன்பட்டது. கம்பி வெட்டப்பட்டு, உள்ளே இருந்து திரும்ப முறுக்கிவிடப்பட்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வேலி முழுசாகத் தெரியும். வேலியருகே கிடந்த சாணத்தின்மேல் உறைபனி படிந்திருந்தது. மலைச்சரிவில் கிடந்த சாணத்தின்மேல் இல்லை. அதாவது பனி இறங்கும் முன்பே மந்தை வேலியைத் தாண்டி, பனி இறங்கிய பிறகும் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று குதிரைகளின் குளம்படி. ரப்பர் பூட்ஸ் தடங்கள் இரண்டு வகை; அவற்றில் ஒன்று கீழ்ப்பக்கத்துச் சாலையிலிருந்து வந்து, வேலிவரை மட்டும் போய், அதே சாலைக்குத் திரும்பியிருந்தது. யாரோ ஒருவர் இந்தப் பக்கத்துக்காரர்.

காவல் நிலையத்தில் புகார் பதிவானது. ஆனால் அன்று மாலையே பொறுப்பாளரைப் பிடித்து வைத்தார்கள். அவருடைய அனுமதிச் சீட்டு புதுப்பித்தலுக்குப் போயிருந்தது; அதைக் காரணமாகக் காட்டினார்கள். உண்மைக் காரணம், அக்கம்பக்கத்துப் பண்ணையார்களின் கூட்டத்தில் அவர் பெயர் சொல்லப்பட்டதுதான். அவர் லெசோத்தோக்காரர் என்பதற்கு மேல் எந்த ஆதாரமும் இல்லை. தடங்களைக் காட்டிக்கொடுத்ததே அவர்தான். இரண்டு இரவுகளுக்குப் பிறகு வழக்கறிஞர் மூலம் ஆயா அவரை வெளியே கொண்டுவந்தார்.

எல்லையைத் தாண்டிய தவறு

அதே ஞாயிறு பிற்பகல் ஆயாவின் இளைய மகனும், பக்கத்துப் பண்ணையார் இருவரும், கூலிக்கு வந்த காவலர் நால்வரும் குதிரையிலும் நடையிலுமாகத் தடத்தைத் தொடர்ந்து ஏறினார்கள். விளிம்பில் நிற்கவில்லை. லெசோத்தோவுக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் போனார்கள். அங்கே ஒரு மேய்ச்சல் குடில். அந்த மக்கள் மொத்தேபோ என்பார்கள். காவலுக்கு இருந்தவன் பதினான்கு வயதுச் சிறுவன். காணாமற்போன மாடுகள் அங்கே இல்லை. வேறு ஒன்பது மாடுகள் இருந்தன. அவற்றை "ஈடாக" ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். தடுத்த சிறுவனைக் காவலர் ஒருவர் அடித்ததில் அவன் முன்கை எலும்பு முறிந்தது.

திங்கள் காலை என்னை அழைத்தார்கள், "புது மாடுகளைப் பார்க்க". அந்த ஒன்பதும் எங்கிருந்து வந்தன என்று கேட்டபோது மகன் சொன்னது: "அவர்கள் கவர்ந்தால் நாம் மீட்க வேண்டாமா, அண்ணா? நம் முன்னோர் ஆநிரை மீட்டு நடுகல்லானவர்கள் இல்லையா?"

கோயில் தமிழ்ப் பள்ளியில் அவன் படித்தது அது. நானும் அதே பள்ளியில்தான் படித்தேன். அவனுக்கு நான் சொன்ன பதிலை இன்றும் சொல்வேன். பழந்தமிழ்ப் போர் இலக்கணத்தில் பிறர் நிரையைக் கவர்வது வெட்சி; தன் நிரையை மீட்பது கரந்தை. கரந்தை சூடியதாக நினைத்து மலை ஏறியவர்கள் அங்கே செய்தது வெட்சி. அந்த ஒன்பதில் ஒன்றுகூட நம்முடையதல்ல. வெட்சிக்குப் பின்னால் வருவது போர் என்பதும் அதே இலக்கணத்தில் இருக்கிறது.

அந்த வாரத்துக்குள் பேச்சு திசைமாறிவிட்டது. லெசோத்தோப் பக்கத்து ஊர்த் தலைவர் தம் மாவட்டக் காவல்துறையிடம் புகார் கொடுத்தார். ஆயுதம் தாங்கிய தென்னாப்பிரிக்கர்கள் எல்லை மீறியதாக அது மேலே போய், தூதரக வழியாகக் கடிதமாக இந்தப் பக்கம் வந்தது. 31 மாடுகள் திருட்டுப் போன புகார் அந்தக் கடிதத்தின் அடியில் மறைந்தது. அந்த நாட்டில் அக்டோபரில் பொதுத் தேர்தல். எந்த அதிகாரியும் தென்னாப்பிரிக்கருக்கு விட்டுக்கொடுத்ததாகப் பெயரெடுக்க விரும்பவில்லை. நம் தரப்பிலும் மாடுகளைப் பற்றிக் கேட்கப் போன இடத்திலெல்லாம், "முதலில் உங்கள் மகன் எங்கே போனார் என்று சொல்லுங்கள்" என்றார்கள்.

ஒன்பதை முதலில் திருப்புவது என்ற முடிவு

ஜூலை 14 அன்று வீட்டில் பேசினோம். பக்கத்துப் பண்ணையார்களின் கருத்து, ஒன்பதையும் பிணையாக வைத்துக்கொண்டு பேரம் பேச வேண்டும் என்பது. நான் மறுத்ததற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, சட்டம். 1959-ஆம் ஆண்டின் கால்நடைத் திருட்டுச் சட்டப்படி, திருடப்பட்டதாகச் சந்தேகிக்கத்தக்க மாடு ஒருவர் கையில் இருந்து, அவரால் தகுந்த விளக்கம் தர முடியாவிட்டால் அதுவே குற்றம். பறிகொடுத்தவர் நாம், ஆனால் அந்த நிமிடத்தில் திருட்டு மாடு வைத்திருப்பவரும் நாமே.

இரண்டாவது, நோய். 1984-ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டப்படி, இறக்குமதி அனுமதி இல்லாமல் எந்த மாடும் இந்த நாட்டுக்குள் வரக் கூடாது. வந்தால் அரசு அவற்றை அழிக்கவும் உத்தரவிடலாம். போதாததற்கு, நம் மாகாணத்தின் வடபகுதியில் 2021 முதல் கோமாரி இருந்தது. எங்கள் இடத்துக்கும் அதற்கும் நெடுந்தூரம். ஆனால் லெசோத்தோவின் கண்ணில் இது கோமாரி உள்ள மாகாணம். அந்த ஒன்பதும் இங்கே கால் வைத்ததாலேயே, அவற்றைத் திரும்ப ஏற்க அவர்களுடைய கால்நடைத் துறை தயங்கும். நாள் ஆக ஆகத் தயக்கம் கூடும். அவர்கள் பக்கத்தில் நம் மாடுகளுக்கும் இதே கதிதான்.

மூன்றாவது காரணத்தை நான் சொல்லவில்லை, பொறுப்பாளர் சொன்னார். அந்த ஒன்பதில் இரண்டு உழவு மாடுகள். குடிலின் உரிமையாளருக்கு வேறு உழவு மாடு கிடையாது. ஆகஸ்ட் முடிந்தால் உழவு தொடங்கும்.

ஆயா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, அந்தப் பையனின் தாய் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்?" என்று கேட்டார். அதோடு முடிவாகிவிட்டது. நிபந்தனை எதுவும் வைக்காமல் ஒன்பதையும் திருப்புவது, சிறுவனின் மருத்துவச் செலவை ஏற்பது, மகன் தானே காவல் நிலையம் போய் நடந்ததை எழுதிக் கொடுப்பது. கடைசியானது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. பெற்ற பிள்ளை.

மலை உச்சியில்

ஜூலை 21 அன்று மலை உச்சியில், எல்லைக்கு அப்பால் சில நூறு மீட்டரில், முறையான அனுமதியோடு ஒரு சந்திப்பு நடந்தது. இரு நாட்டுக் காவலர்கள், இரு தரப்புக் கால்நடை மருத்துவர்கள், ஊர்த் தலைவர், சிறுவனின் தாய்மாமன், ஆயா, பொறுப்பாளர். தரையில் பனி கிடந்தது. அங்கே பேச்சைத் தொடங்கும் சொல் "கொட்ஸோ", அமைதி. ஆயா அதைப் பொறுப்பாளரிடம் கேட்டுப் பழகி வந்திருந்தார். மன்னிப்பைத் தமிழில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொல்ல, பொறுப்பாளர் செசோத்தோவில் சொன்னார். மூன்று மொழி கடந்து போனதால் அது மெதுவாகப் போனது. அந்த மெதுவும் நல்லதாயிற்று என்று நினைக்கிறேன்.

ஊர்த் தலைவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. தம் ஊரிலிருந்து முந்தைய ஆண்டுகளில் இந்தப் பக்கம் ஓட்டிவரப்பட்ட மாடுகளைப் பற்றிச் சொன்னார். எந்தக் காவல் நிலையத்தில் எத்தனை முறை நின்றார் என்று சொன்னார். திருட்டு ஒருவழிப் பாதை என்று நம்மில் பலர் நம்புகிறோம். அங்கே நின்று கேட்டவர்களுக்கு அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. கடைசியில், நம் மாடுகளின் சூட்டுக்குறி என்ன என்று கேட்டார்.

குறி உள்ளவையும் இல்லாதவையும்

இந்த இடத்தில் நம் குடும்பம் தலைகுனிய வேண்டியிருந்தது. 2002-ஆம் ஆண்டின் விலங்கு அடையாளச் சட்டப்படி ஒவ்வோர் உரிமையாளரும் மூன்று எழுத்துக்கு மிகாத குறி ஒன்றைப் பதிவு செய்து, மாடுகளுக்கு அதைச் சூடு போட்டோ பச்சை குத்தியோ இட வேண்டும். பண்ணைக்குப் பதிவான குறி இருந்தது. ஆனால் 31-இல் 18-க்குத்தான் சூடு போட்டிருந்தார்கள். மீதி 13 கிடேரிகளுக்குக் காதில் பிளாஸ்டிக் வில்லை மட்டும். "அடுத்த மாதம் போடுவோம்" என்று தள்ளிக்கொண்டே வந்தது. நானும் அந்தத் தள்ளலைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

ஜூலை இறுதிக்குள் லெசோத்தோக் காவல்துறை இரண்டு இடங்களில் 20 மாடுகளைக் கண்டுபிடித்தது. 14 நம் சூட்டுக்குறியோடு இருந்தன. ஆறின் காதுகள் கிழிக்கப்பட்டிருந்தன. இதைத் திருப்பிப் பாருங்கள்: சூடு போட்ட 18-இல் காணாமற்போனவை நான்கு, போடாத 13-இல் ஏழு. லெசோத்தோவில் மாட்டை விற்க "பேவெய்ஸ்" என்ற உரிமைச் சீட்டு வேண்டும். குறியில்லாத மாட்டுக்குப் பொய்ச் சீட்டு எழுதுவது எளிது.

காது கிழிந்த ஆறுக்கும் உரிமையை நிறுவ வேண்டும். அவற்றின் வால் முடியை வேரோடு பிடுங்கி எடுத்தோம். அவற்றின் தாய்ப் பசுக்கள் நம் கொட்டிலில் இருந்ததால் அவற்றின் முடியையும் எடுத்தோம். பிரிட்டோரியா அருகே ஒண்டர்ஸ்டெபூர்ட்டில் உள்ள கால்நடை மரபணு ஆய்வகத்துக்குக் காவல்துறை முத்திரையோடு அனுப்பினோம். ஐந்து பொருந்தின. ஆறாவதன் தாய் முந்தைய ஆண்டு இறந்துவிட்டிருந்தது, நிறுவ வழியில்லை. அது நம் கிடேரிதான் என்று பொறுப்பாளருக்கு உறுதியாகத் தெரியும். விட்டுவிட்டோம்.

ஆகஸ்ட், செப்டம்பர்

நான்கு வாரம் தனிமையில் வைத்து, வாயும் குளம்பும் தினமும் பார்த்து, இரத்தப் பரிசோதனையும் முடித்து, அவர்களுடைய ஒன்பது மாடுகளை ஆகஸ்ட் 10 அன்று ஒப்படைத்தோம். எட்டு நாளில், ஆகஸ்ட் 18 முதல், கோமாரி பரவலால் தென்னாப்பிரிக்கா முழுவதும் மாடுகளை இடம் மாற்ற 21 நாள் தடை வந்தது. "உங்களுடையது முதலில்" என்று இழுத்திருந்தால் இரு தரப்பு மாடுகளும் அவரவர் எதிரி கையில் சிக்கியிருக்கும். உழவும் தவறியிருக்கும். தடை வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. முடிவு சரியாக அமைந்ததில் காலத்தின் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் மாடுகள் ஊர்த் தலைவரின் பட்டியில் காத்திருந்தன. தீனிதான் பிரச்சினை. இங்கிருந்து வைக்கோல் அனுப்பக் கேட்டோம். கோமாரி அச்சத்தால் மறுத்தார்கள், அது நியாயம். அங்கேயே தீனி வாங்கப் பணம் அனுப்பினோம். நாள்தோறும் தீனி வைத்தவர் சிறுவனின் தாய்மாமன். கையில் கட்டோடு சிறுவனும் கூட வந்தான் என்று பிறகு அறிந்தோம். கடுங்குளிரில் இரண்டு கிடேரிகள் இறந்தன. ஒன்று கன்று ஈன்றது. அந்தக் கன்று யாருடையது என்று காகிதங்களில் ஒரு வாரம் ஓடியது: தாய் நம்முடையது, பிறந்த மண் அவர்களுடையது, அதற்குக் குறியும் இல்லை, சீட்டும் இல்லை. ஊர்த் தலைவரே அதன் தாயின் பெயரில் பேவெய்ஸ் எழுதிக் கொடுத்து முடித்தார்.

செப்டம்பர் மூன்றாம் வாரம், இரு நாட்டு அனுமதிகளோடு 17 மாடுகளும் ஒரு கன்றும் கணவாய் வழியே நடந்தே இறங்கின. தனிமைக் காலத்தில் ஒரு கிடேரிக்குக் கருச்சிதைவு நோய்ப் பரிசோதனை இருமுறை நேர்மறையாக வந்தது. தடுப்பூசியால் வரும் தவறான விடையாக இருக்கலாமோ என்று ஐயுற்றுத்தான் மறுமுறை பார்த்தேன். அதை அறுப்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அன்று ஆயா பண்ணைக்கு வரவில்லை.

முடிவு

31-இல் 16-உம், கன்றும் மந்தையில் சேர்ந்தன. லெசோத்தோவில் இருவர் கைதானார்கள். கீழ்ச்சாலையிலிருந்து வந்த தடத்துக்குரியவர், முன்பு வேலி கட்ட வந்த ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்த உள்ளூர்க்காரர், தென்னாப்பிரிக்கர். மகன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். சிறுவனை அடித்த காவலர் மீதான வழக்கு நான் இதை எழுதும்வரை முடியவில்லை.

மறுபடி நேர்ந்தால் மாற்ற வேண்டியவை

தடத்தை விளிம்புவரை தொடரலாம். அங்கே நின்று, படம் எடுத்து, நேரம் குறித்து, இரு பக்கக் காவலருக்கும் அதே மணிநேரத்தில் தெரிவிக்க வேண்டும். அன்று நம் பண்ணையில் யாரிடமும் மறுபக்கத்து ஊர்த் தலைவரின் தொலைபேசி எண் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அந்த ஊர்க்காரர் ஒருவர் நம்மோடு இருந்தும் யாரும் கேட்டு வைக்கவில்லை. இப்போது இருக்கிறது, மாதம் ஒருமுறையாவது பேசுகிறார்கள்.

சூடு போடுவதில் இப்போது விலக்கு இல்லை. ஆறு மாதம் ஆனதும் போட்டாகிறது. ஆயாவுக்கு அந்த நாற்றமும் அலறலும் பொறுக்காது. எனினும் இப்போது கூடவே நிற்கிறார். எல்லாக் கன்றுகளின் வால் முடியும் பிறந்த மாதத்திலேயே உறையில் போட்டு, தாயின் எண் எழுதிச் சேமிக்கிறோம்.

பொறுப்பாளர் அந்த ஆண்டு இறுதியில் வேலையை விட்டு ஊர் திரும்பிவிட்டார். ஆயா எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அவர் கோபமாகப் பேசவில்லை. முட்டி வலிக்கிறது, மலை ஏற முடியவில்லை என்றார். பக்கத்துப் பண்ணையார்களின் கூட்டக் குறிப்பேட்டில் ஜூலை 10 தேதியிட்ட பக்கத்தில் அவர் பெயரும் சந்தேகமும் எழுதியபடி இருக்கின்றன. அதைத் திருத்தி, உண்மையான குற்றவாளி பிடிபட்டதையும் தடங்களைக் கண்டுபிடித்தவர் இவரே என்பதையும் சேர்க்கக் கோரி ஆயாவும் நானும் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. மூன்றாவது கடிதத்தின் நகலை மொக்கொட்லாங்குக்கு, அவர் கைக்கே, அனுப்பியிருக்கிறோம்.